தமிழ்ப் பையன்தானே என்று நம்பி ஏறினார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னத் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பதினேழு வருடம் ஆகிவிட்டது. உங்கள் பத்திரிகையைத் தினமும் மேசையில் போட்டு வைப்போம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற விருந்தினர்கள் சாவிக்காகக் காத்திருக்கும்போது அதைத்தான் எடுத்துப் புரட்டுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். செந்தூலில் ரயில் ஏறி, நகரத்தின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் நுழைந்து ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் வெளியே வருவேன். அங்கிருந்து விடுதி கிட்டத்தான், மொத்தம் பத்து நிமிட நடை. அன்றைக்கு விமான நிலைய ரயிலில் வந்து இறங்கிய ஒரு வயதான தம்பதி தூணோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மா கையில் மஞ்சள் துணிப்பை, ஐயா நெற்றியில் திருநீறு, நைலான் கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டிகள். பார்த்த உடனேயே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடும். அவர்களிடம் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், சுத்தமான சட்டை, சிரித்த முகம். அவனை அந்த இடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பயணிகளை வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றிக் காசு பறிக்கிற இந்த மாதிரி ஆட்களை மலாய்க்காரர்கள் உலாட் என்பார்கள், புழு என்று அர்த்தம். அவன் தமிழில்தான் பேசினான். "எங்க தாத்தாவுக்கும் தஞ்சாவூர் பக்கம்தான், பாட்டி, அலையாதீங்க, நம்ம காரிலேயே கொண்டுபோய் விட்டுடுறேன்" என்று அவன் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

எனக்குத் தெரியும் அவன் யார் என்று. ஆனாலும் நான் நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, இவனோடு எதற்கு வம்பு, நாளைக்கும் இதே வழியாகத்தானே வரவேண்டும் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. நடந்து வந்துவிட்டேன்.

விடுதிக்கு வந்து பகல் வேலை பார்க்கிற பெண்ணிடம் கணக்கு வாங்கி உட்கார்ந்து அரை மணி நேரம் இருக்கும், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் அதே அம்மாவும் ஐயாவும். எங்கள் விடுதியில்தான் அவர்கள் மகன் அறை எடுத்து வைத்திருக்கிறார்! பத்து நிமிடத்தில் நடந்து வரவேண்டிய தூரத்துக்கு, ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, அவர்களிடம் 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறான். "நல்ல பையன்மா, தமிழ்ப் பையன், பெட்டியெல்லாம் அவனே தூக்கிட்டு வந்தான்" என்று அந்த அம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் அவர்கள் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் நானே அவர்களைக் கேஎல் சென்ட்ரலுக்கு நடத்திக் கூட்டிப்போனேன், பத்துமலை ரயில் ஏற்றிவிடுவதற்காக. பாதி வழியிலேயே அந்த ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. "இவ்வளவுதான் தூரமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் ரயில் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் பணத்தில் மனைவிக்கு முருகனைக் காட்ட வந்திருக்கிறார்.

இந்தச் சம்பவம் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 120 வெள்ளி பெரிய காசா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பெரிய காசு. அதைவிட, அவனை அவர்கள் நம்பியதற்கு அவன் பேசிய தமிழைத் தவிர வேறு காரணமே கிடையாது. தெரியாத ஊரில், எழுத்தும் புரியாத இடத்தில், நம் மொழி காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிம்மதியைத்தான் இவர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

2023 டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே வந்து போகலாம் என்று ஆனபிறகு எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் வியாபாரத்துக்கு வருகிறவர்கள், அடிக்கடி வந்து பழகியவர்கள். இப்போது முதல்முறை விமானம் ஏறியவர்கள், அப்பா அம்மாவை மட்டும் தனியாக அனுப்பி வைக்கிற பிள்ளைகள், கைக்குழந்தையோடு வருகிற இளம் தம்பதிகள். 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று அரசாங்கமும் கூப்பிடுகிறது. வரட்டும், நம் ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஏமாற ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதை இங்கே யாரும் பேசக் காணோம்.

நாட்டுக்குள் நுழைய வெளிநாட்டுப் பயணிகள் இணையத்தில் ஒரு மின்னியல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், நமக்கெல்லாம் தெரியும். வருவதற்கு மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் நிரப்பினால் போதும், ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தேடும்போது முதலில் வந்து நிற்பது வேறு ஏதோ ஒரு பக்கமாக இருக்கிறது. அரசாங்கப் பக்கம் மாதிரியே நிறமும் சின்னமும் வைத்து, அட்டைக்குக் கட்டணம் என்று கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கிறது. எங்கள் விருந்தினர்களில் இப்படிக் கட்டிவிட்டு வந்தவர்கள் பலர். ஒரு குடும்பம் ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கட்டியிருந்தது. காசு போனதோடு முடியவில்லை, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கார்டு விவரம் எல்லாம் யாரோ ஒருவன் கையில் போய்விட்டது. உங்கள் வாசகர்களில் ஊரில் உறவுக்காரர்கள் இல்லாதவர்கள் குறைவு. யாராவது வருகிறேன் என்று போன் பண்ணினால், 'இட்லிப் பொடி கொண்டுவா' என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள்: அந்த அட்டை இலவசம், பக்கத்தின் முகவரி அரசாங்கத்துடையதா என்று பார்த்துவிட்டு நிரப்பு.

விமான நிலையத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, நம் ஆட்களுக்கு அது பழைய கதை. வெளியே வரும் மண்டபத்திலேயே "டாக்சி பாஸ், டாக்சி" என்று பின்னாலேயே வருகிறவனோடு போகாதீர்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். முறையாக ஓட்டுகிற டிரைவர் உள்ளே வந்து ஆள் தேட மாட்டார். விமான நிலையம் இருக்கிற சிப்பாங்கிலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விரைவு ரயிலில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடலாம், பெரியவர்களுக்கு 55 வெள்ளி. பேருந்தில் வந்தால் அதில் கால்வாசிதான். நாலு பேர், பெட்டிகளும் நிறைய என்றால் கைப்பேசி ஆப்பில் கிரேப் (Grab) கார் பிடித்து வரலாம், டோலோடு சேர்த்துப் பெரும்பாலும் நூறு வெள்ளியை ஒட்டித்தான் வருகிறது என்று எங்கள் விருந்தினர்கள் சொல்கிறார்கள். ஆனால் வண்டி எண் கைப்பேசியில் காட்டுகிற எண்தானா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். டிரைவர் "ஆப்பை ரத்து பண்ணிடுங்க, கையில குடுத்துடுங்க, கம்மியா போடுறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது, ரத்து செய்த நிமிடத்திலிருந்து அந்தப் பயணத்துக்கு எந்தப் பதிவும் கிடையாது.

டாக்சிக்காரர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் விடுதி வாசலில் வண்டி போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், அறுபது வயதைத் தாண்டிவிட்டார், எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்று அவருக்கே கணக்கு மறந்துவிட்டது. ஒரு தடவை பின் இருக்கையில் யாரோ விட்டுப்போன கைப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு பாஸ்போர்ட், டாலர் கட்டு, ஒரு தாலிச் சங்கிலி. அந்த விருந்தினர் பினாங்கு போய்விட்டார், இவர் அவர்கள் திரும்பி வரும்வரை இரண்டு நாள் காலையும் மாலையும் வந்து "வாங்கிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் போன்றவர்களின் பிழைப்பில்தான் அந்தச் சிரித்த முகக்காரன் மண்ணை அள்ளிப் போடுகிறான். டாக்சி கதவிலேயே மீட்டர் வண்டி, பேரம் பேசக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். மீட்டர் போட மாட்டேன் என்றால் இறங்கிவிடலாம், அதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. நள்ளிரவு 12-லிருந்து காலை 6 வரை மீட்டரில் பாதி கூடுதலாக வாங்குவது மட்டும் முறையானது, அதை ஏமாற்று என்று நினைத்து நல்ல டிரைவரோடு சண்டை போட்ட விருந்தினர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த மாதிரிதான் சுற்றுலா வரியும். 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டினர் தங்கினால் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 வெள்ளி வாங்கி நாங்கள் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். இணையத்தில் அறைக் காசு முழுதும் கட்டிவிட்டு வந்தவரிடம் மூன்று இரவுக்கு இன்னும் 30 வெள்ளி கொடுங்கள் என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ரசீது கேளுங்கள், அதில் சுற்றுலா வரி என்று தனி வரியில் இருக்கிறதா பாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். ரசீது கேட்டால் முகம் மாறுகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் பெரிய விஷயம். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது பிரயோஜனப்படும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி தனியாக வந்திருந்தான், இருபத்தாறு வயது, நன்றாகப் படித்தவன், ஆங்கிலம் தண்ணீர் பட்டபாடு. புக்கிட் பிந்தாங்கில் ஒரு பேரங்காடி வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அவன் பையைப் பார்த்து, அழகாக இருக்கிறது, எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டிருக்கிறாள். இந்தியா என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. "என் தங்கை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போகிறாள், எங்கள் அம்மா பயந்துபோய்ச் சாப்பிடவே மாட்டேன் என்கிறார், நீ வந்து ஊர் பயமில்லை என்று அம்மாவிடம் இரண்டு வார்த்தை சொல்லேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள். யாருக்குத்தான் மனம் இளகாது? கார் வந்தது, ஏறினான். ஏதோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு. அம்மா கிளினிக்குக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார், அதுவரை சாப்பிடு என்று சோறும் கோழியும் பரிமாறியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு சித்தப்பா வருகிறார். அவர் சூதாட்ட விடுதியில் சீட்டுப் பிரித்துப் போடுகிற வேலை பார்த்தவராம். பேச்சோடு பேச்சாக, எதிராளியின் சீட்டை விரல் சாடையில் எப்படிச் சொல்வது என்று விளையாட்டுப் போலக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு பணக்காரர் வந்து உட்காருகிறார், கையில் கட்டுக் கட்டாக டாலர். "முதல் 200 வெள்ளி நான் போடுகிறேன், ஜெயித்தால் உனக்கும் பங்கு" என்கிறார் சித்தப்பா.

தம்பி ஜெயித்துக்கொண்டே போகிறான். கடைசி ஆட்டத்தில் மேசையில் பல ஆயிரம் டாலர் குவிந்திருக்கிறது, அவன் கையில் ஜெயிக்கிற சீட்டு, சித்தப்பாவின் விரல் சாடையில் எதிராளியின் சீட்டும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பணக்காரர், நான் இவ்வளவு வைத்திருக்கிறேன், உன்னிடம் அதற்கு ஈடாகப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் சீட்டைத் திறப்பேன் என்கிறார். சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டி வைக்கிறார்கள். இவனைக் காரில் ஏற்றி ஏடிஎம் ஏடிஎம்மாகக் கொண்டுபோகிறார்கள், கார்டில் எடுக்க முடிந்ததெல்லாம் எடுத்தாயிற்று, கிரெடிட் கார்டில் தங்கமும் வாங்க வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 6,000 வெள்ளி. திரும்பி வந்து உறையைத் திறந்தால் எப்படித் தோற்கிறோம் என்று புரிவதற்குள் தோற்றுப்போகிறான், சித்தப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், அந்தப் பெண் அழுகிறாள், அழுதுகொண்டே அவனைக் கொண்டுவந்து ஒரு எல்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அன்றைக்கு இரவு அவன் எங்கள் வரவேற்பறை சோபாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். என்ன தம்பி, உடம்பு சரியில்லையா என்று மூன்றாவது தடவை கேட்டபிறகுதான் சொன்னான். போலீஸுக்குப் போகலாம் என்றேன். "நானும் சூது ஆடினேன்க்கா, என்னையும் பிடிச்சுடுவாங்க" என்றான். இந்தப் பயத்தை நம்பித்தான் அந்தக் கூட்டமே பிழைக்கிறது, ஏமாந்தவன் வெளியே சொல்ல மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். அவன் வங்கிக்குப் போன் போட்டு இரண்டு கார்டையும் முடக்க வைத்தேன், அப்புறம் நானே கூடப் போய்ப் புகார் எழுதிக்கொடுக்கச் செய்தேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், புகார் எழுதக் காசும் கிடையாது. ஆனால் வீடு எங்கே என்று கேட்டபோது அவனுக்குத் தெரியவில்லை. பச்சை கேட், எதிரில் ஒரு மாமரம், அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், நாம் சொல்லும் பதிலையே தூண்டிலில் கோத்துத் திருப்பிப் போடுகிறார்கள். தஞ்சாவூர் என்றால் தாத்தாவுக்கும் தஞ்சாவூர். சென்னை என்றால் தங்கை சென்னையில் நர்ஸ். வழியில் வலிய வந்து ஊர் கேட்கிறவரிடம் பேசலாம், சிரிக்கலாம், ஆனால் அவர் கூப்பிடுகிற வண்டியிலும் வீட்டிலும் ஏறக் கூடாது.

போலி போலீஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டு, பர்ஸைக் காட்டு, கள்ள நோட்டு இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றால் வெளியூர்க்காரர் நடுங்கிப் போவார். இங்கே ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் அதிகார அட்டை உண்டு. இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் என்றால் நீலம், அதற்குக் கீழ் மஞ்சள், ரிசர்வ் போலீஸ் என்றால் வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு அதிகாரமே கிடையாது. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. பர்ஸை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், "பக்கத்து ஸ்டேஷனுக்கு வருகிறேன், அங்கே பாருங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். உண்மையான போலீஸ் என்றால் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார், மற்றவன் அங்கேயே கழன்றுகொள்வான்.

நகை. இதை நம் பெண்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஐந்து பவுன் சங்கிலி, இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டு ஜாலான் துன் சம்பந்தனில் சாலையோரமாகப் போன் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு ஒரு நொடி போதும். சங்கிலி போவதுகூடப் பெரிதில்லை, பையை விடாமல் பிடித்து இழுபட்டு விழுந்து தலையில் அடிபடுகிறார்களே, அதுதான் பயம். பறித்தால் விட்டுவிடுங்கள். வாகனம் எதிரே வருகிற பக்கமாக நடங்கள், பையைக் கடைகளை ஒட்டிய தோளில் மாட்டுங்கள், தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என் சொந்த அத்தைக்கு இதைத்தான் சொன்னேன், அவர் அப்படித்தான் வந்தார்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, வழவழவென்று இருக்கும். 10, 20, 50, 100 எல்லாம் காகித நோட்டு. 5 பச்சை, 50 பச்சை கலந்த நீலம், ராத்திரி வெளிச்சத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பும். 50 கொடுத்தேன், கடைக்காரன் 5-ஐக் காட்டி நீ கொடுத்தது இதுதான் என்கிறான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும்போதே "லீமா பூலோ" (மலாயில் ஐம்பது) என்று சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். நாணயம் மாற்றுவதாக இருந்தால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் மாட்டியிருக்கிற கடையில் மட்டும் மாற்றி, கண்ணாடிக்கு முன்னால் நின்றே எண்ணிப் பார்த்துவிட்டு ரசீதோடு நகருங்கள்.

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே ரயில் போகிறது, கோயில் வாசலிலேயே நிலையம், மூன்று வெள்ளிக்குள் போய்விடலாம். அதற்கு அறுபது, எண்பது என்று கேட்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். 272 படி ஏறி முருகனைப் பார்க்க நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. படிக்குக் கீழே யாராவது தனியாக நின்று ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் கும்பிட்டுவிட்டு மேலே போங்கள், காணிக்கை போட உண்டியல் இருக்கிறது.

வீடு வாடகைக்கு எடுக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் நள்ளிரவு ஒரு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றது. இரட்டைக் கோபுரம் தெரிகிற வீடு என்று படம் பார்த்து, யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு முழுப்பணமும் அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்கள். காவலாளி, அப்படி ஒரு வீடே இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் 997-க்கு உடனே கூப்பிட வேண்டும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறாமல் தடுக்க வழி இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது: போலீஸாரின் செமாக் மியூல் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். ஊரிலிருக்கும் உறவுக்காரர்களுக்கு இது தெரியாது, நாம்தான் இங்கிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அடிதடி, திருட்டு, ஆபத்து என்றால் 999. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு மோன் கியாராவில் இருக்கும் இந்தியத் தூதரகம், அப்புறம் குடிநுழைவுத் துறை. இந்த வரிசை தெரியாமல் அலைந்து விமானத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்க வந்தது இரண்டு விஷயம்.

ஒன்று உங்களிடம். மேலே சொன்னவற்றில் முக்கியமானதை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில், கால் பக்க அளவில் மாதம் ஒரு தடவை போடுங்கள். தைப்பூசத்துக்கு முன்னாலும் தீபாவளி விடுமுறைக்கு முன்னாலும் கட்டாயம் போடுங்கள். கேஎல் சென்ட்ரலிலும் விமான நிலையத்திலும் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு உங்கள் பத்திரிகை எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும், நான் எழுதினால் அலமாரிக்குப் போய்விடும்.

இன்னொன்று, என் மாதிரி தினமும் அந்த வழியாக நடக்கிற நம் ஆட்களிடம். உலாட்டோடு சண்டை போடச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் போய் "எங்கேம்மா போகணும், எந்த ஹோட்டல்?" என்று நான் கேட்டிருந்தால் போதும். அவர் விடுதியின் பெயரைச் சொல்லியிருப்பார், அட, நானும் அங்கேதான் போகிறேன், வாங்க என்று கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவன் என்ன செய்திருக்க முடியும்?

அதற்குப் பிறகு நான் அந்தத் தூணைத் தாண்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறேன். போன வாரம் பெட்டியோடு நின்ற இரண்டு அக்காமாரிடம் போய்க் கேட்டேன், ஈப்போ ரயிலுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள். அவன் நாலடி தள்ளி நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தான். நான் அவர்களை டிக்கெட் முகப்பு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன், பதினைந்து நிமிடம் தாமதம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கிற இடம் தெரிய வேண்டாம் என்பதால் பெயரைப் போடாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் கால் பக்கத்தைப் போட்டால் வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி ஊழியர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்